மூடாமல் விட்ட போர்ட்

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். பிரிண்டர் மக்கர் பண்ணினால்தான் என் ஞாபகமே எல்லோருக்கும் வரும். என் மனைவி அங்கேயே அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ்.

நீங்கள் கேட்டது அந்த போர்ட்டைப் பற்றி. போர்ட் என்றால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல். சர்வரின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், கம்ப்யூட்டர் அந்த வழியாகத்தான் அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களிடம் "இந்தப் பெயர் யாருக்கு?" என்று விசாரிக்கும். "எனக்குத்தான்" என்று எது சொன்னாலும் நம்பி, பாஸ்வேர்டைப் பூட்டுப் போட்ட வடிவில் கொடுத்துவிடும். சோதனைக்கு வந்த இன்ஜினியர், "இதை உடனே மூடிடுங்க சார், வம்பா போயிடும்" என்றார். மூடினேன். என் மனைவியின் வார்டில் மட்டும் விட்டுவைத்தேன்.

சந்தேகப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வரும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் வார்டை எட்டிப் பார்த்தேன். காலில் கட்டோடு படுத்திருந்த தச்சர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

அவளுடைய கம்ப்யூட்டரில் சர்வர் பெயரை நானே ஓர் எழுத்து மாற்றிவைத்தேன். அது விசாரித்தது, என் கம்ப்யூட்டர் பதில் சொன்னது. பூட்டை உடைப்பது பெரிய காரியமாக இல்லை. பாஸ்வேர்டாக என் பெயரையும் எங்கள் கல்யாணத் தேதியையும் சேர்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் உறுதியானது. மடியில் கனமில்லாதவள் இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருப்பாளா?

மெயில்களைப் படித்தேன். டியூட்டி மாற்றிக் கேட்டது, தங்கையிடம் நலம் விசாரித்தது. தப்பாக ஒரு வரி இல்லை. அத்தனை சுத்தமாக அழித்திருந்தாள்.

தச்சருக்குச் சர்க்கரை இருந்தது. அவள் பெயரில் நோயாளிகளின் மருந்துப் பதிவுக்குள் போய், இன்சுலின் அளவோடு ஒரு பூஜ்யம் சேர்த்தேன். அடுத்து வந்த நர்ஸ், திரையில் இருந்தபடி ஊசி போட்டார். தச்சர் அதன்பிறகு கண் திறக்கவில்லை.

போலீஸ் அழைத்துப்போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்படிப் போடவே இல்லைங்க. நீங்களாவது நம்புங்க."

"நம்புறேம்மா. நான் இருக்கேன்ல."

வாரம் தவறாமல் சிறைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் எங்கே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அப்போதுதான்.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இனி அவளை விட்டுவிடுவீர்கள், தெரியும். ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். சிறை வாசலில் அவளைக் கூட்டிப்போக யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.