கறுத்துப்போன அரணாக்கொடி

சென்னகேசவன்: …அட, இதுக்குப் போயி இத்தனை யோசனையாங்க? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல மாரடைப்புன்னு ஒரு வார்த்தை எழுதுனா முடிஞ்சுது. பட்டறைல நைட் ஷிப்டு பாத்தான், ரூமுக்குப் போனான், படுத்தான், செத்தான். ஊருல நடக்காததுங்களா அம்மணி?

சமீரா: டாக்டர்னு கூப்பிடுங்க. பொணத்தை அறுத்துப் பாத்தது அம்மணி இல்லீங்க, டாக்டர்.

சென்னகேசவன்: செரிங்க, டாக்டரம்மா. கோவிச்சுக்காதீங்க. பெருந்துறைல நம்ம சாயப்பட்டறைல எத்தனையோ பேரு வேலை செய்யறானுக… அதுல இவன் ஒருத்தன்.

சமீரா: பேரு?

சென்னகேசவன்: என்ற பேருங்களா? சென்னகேசவன்.

சமீரா: உங்க பேருதான் வெளிய காருமேலயே எழுதியிருக்குதுங்களே. செத்தவரு பேரு கேட்டேன்.

சென்னகேசவன்: அவன்… சென்னிமலைக்காரன்… என்னமோ சென்னி…

சமீரா: சென்னியப்பன். கல்யாணமான வருசத்துல இருந்து உங்ககிட்டத்தான் வேலை. சம்சாரம் பாவாத்தா பொணவறை வாசல்ல உக்காந்திருக்குது. பாத்தீங்களா?

சென்னகேசவன்: அந்தப் புள்ளைக்கு நான் ஏதோ பண்ணிக்கறனுங்க. நீங்க உங்க வேலையைப்…

சமீரா: பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஏனுங்க, தூங்கப் போறவரு புதுச் சட்டை போட்டுட்டுத்தான் படுப்பாருங்களா?

சென்னகேசவன்: ஆசைக்குப் போட்டிருப்பான்.

சமீரா: காலர் அட்டையைக்கூட எடுக்காமயா? குண்டூசி கழுத்துல குத்தி நிக்குது. அத்தனை ஆசைங்களா?

சென்னகேசவன்: படிக்காதவனுங்க. அவனுக்கு என்ன தெரியும்?

சமீரா: சட்டை போடறதுக்கு எதுக்குங்க படிப்பு! தலையெல்லாம் சோப்பு வாசம், காதுக்குள்ள கருஞ்சேறு. குளிப்பாட்டுனவங்க காதை மறந்துபோட்டாங்க. மூச்சுக்குழாய் நெறைய நுரை. இதெல்லாம் மாரடைப்புல வருமுங்களா?

சென்னகேசவன்: படிச்சவங்க நீங்க. என்ன வேணா சொல்லலாம்.

சமீரா: நான் சொல்லலீங்க. அவரு இடுப்புல இருக்கற வெள்ளி அரணாக்கொடி சொல்லுது. கரியாட்டக் கறுத்துக் கெடக்குது.

சென்னகேசவன்: அட போங்க! வேர்வை பட்டா வெள்ளி கறுக்காதுங்களா? இதைக் கண்டுபுடிக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஆபீசு, தலைக்கு மேல ஒரு ஏசி!

சமீரா: ஏசி ஓடலீங்க, காத்தாடிதான். அந்தக் கொடியைத் தைப்பூசக் காவடிக்குன்னு பாவாத்தா திருநீறு போட்டுத் தேச்சுக் குடுத்துது. போன வாரம் பளபளன்னு இருந்துதாமா. சாயக்கழிவுத் தொட்டில அடிச்சேத்தைக் கெளறுனா கூமுட்டை நாத்தத்தோட ஒரு வாயு வருமுங்க. அது பட்டா வெள்ளி கறுத்துரும். நெறைய இருந்தா ரெண்டு மூச்சுல ஆளு உழுந்துருவாரு.

சென்னகேசவன்: தொட்டியா? எந்தத் தொட்டிங்க?

சமீரா: சட்டையை மாத்துனீங்க, லுங்கியை மாத்துனீங்க. அந்தக் கொடியையும் கழட்டியிருந்தா எனக்கு இன்னும் கொஞ்சம் சிரமமாயிருக்கும்.

சென்னகேசவன்: அதெப்படிங்க கழட்டறது? சுடுகாட்டுல பங்காளிதான் அறுக்கோணும். அடுத்தவன் கை வெக்கலாமுங்களா? ஒருத்தன் கழட்டப் போனான், நாந்தான் தொடாதீடான்னு சொல்லிப்போட்…

சமீரா: சொல்லிப்போட்டு? மனுசன் பேரு மறந்துபோச்சு. முறை மட்டும் ஞாபகம் இருக்குதாட்ட இருக்குது.

சென்னகேசவன்: இதா பாருங்க டாக்டரம்மா, நாங்க ஒண்ணும் கொலை பண்ணலீங்க. வெளக்கு எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆளை எறக்குனோம். கெணறு தூர் வாரறப்ப எங்கப்பன் தாத்தனெல்லாம் அப்படித்தான். வெளக்கு அணைஞ்சா எறங்கப்படாது. இது எரிஞ்சுதுங்க! நல்லா எரிஞ்சுது!

சமீரா: எரியத்தானுங்க செய்யும். கெணத்துல நல்ல காத்து இல்லாட்டி வெளக்கு அணையும். தொட்டில காத்து இருந்துது, அதுல வெசமும் கலந்திருந்துது. வெளக்குக்கு மூக்கா இருக்குது, மோந்து பாத்துச் சொல்ல? துணிக்குச் சாயம் போட ஜெர்மன் மெசினு. மனுசனை எறக்க அகல் வெளக்கு.

சென்னகேசவன்: நக்கல் பண்ணாதீங்க.

சமீரா: செரி, பண்ணலீங்க. உள்ள உழுந்தவரை யாரு தூக்குனா?

சென்னகேசவன்: கவுறு போட்டு இழுத்தோம்.

சமீரா: கவுறு அதுவாப் போயி அக்குள்ல சுத்திக்கிச்சுங்களா? தடம் அப்படியே இருக்குது. யாரோ உள்ள எறங்கித்தான் கட்டியிருக்கறாங்க.

சென்னகேசவன்: யாரும் எறங்கலீங்க.

சமீரா: அந்த ஆளு இப்ப எந்திரிச்சு நடக்கலாம், டீ குடிக்கலாம். ஆனா ஒரு நாள் கழிச்சுக்கூட நெஞ்சுல நீர் கோத்து மூச்சு நின்னுரும். அதுக்குத்தான் கேக்கறேன்.

சென்னகேசவன்: ஒரு நாள்… கழிச்சுமுங்களா?

சமீரா: மொதல்ல கண்ணு எரியும். தலை வலிக்கும். பொறகு இருமல்…

சென்னகேசவன்: இருமலா…

சமீரா: யாருங்க அது? இன்னொரு கூலிக்காரருங்களா? அவரு பேரும் மறந்துபோச்சுங்களா?

சென்னகேசவன்: ஒரு நிமிசமுங்க… ஒரு போன் பண்ணிக்கறேன்… எடுக்க மாட்டீங்கறான்… டேய், எடுடா…

சமீரா: யாரு?

சென்னகேசவன்: உதய்… என்ற பையனுங்க. ஒத்தைப் பையன். வேண்டாம்டான்னு கத்தறேன், "சென்னியண்ணா"ன்னு குதிச்சுப்போட்டான். ஆசுபத்திரிக்குக் கொண்டாந்தா வெவகாரம் வெளிய வந்துருமேன்னு பட்டறை கெஸ்ட் ரூம்லயே படுக்க வெச்சிருக்கறேன். காலைலயே இருமுனானுங்க! ஆம்புலன்ஸ் அனுப்புங்க… உங்க கால்ல வேணாலும் உழுகறேன். தொட்டிதானுங்க, தொட்டிலதான் செத்தான் சென்னியப்பன். எழுதிக்குங்க!

சமீரா: உக்காருங்க. ஆம்புலன்ஸ் வேண்டாம். நீங்க கெளம்புனதுமே உங்க பையன் ஆட்டோ புடிச்சு, நீங்க என்ற ரூமுக்குள்ள வாரதுக்கு முன்னாலயே இங்க வந்துட்டாரு. மேல வார்டுல ஆக்சிஜன் வெச்சிருக்குது. பொழச்சுக்குவாரு.

சென்னகேசவன்: வந்துட்டானா? இங்கயா? அப்ப எல்லாந் தெரிஞ்சு வெச்சுட்டுத்தான் என்னைப் பேச உட்டு வேடிக்கை பாத்தீங்களா? பெத்தவன்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?

சமீரா: சொல்லியிருப்பேனுங்க. அவருதான் சொல்ல வேண்டாம்னாரு. "எங்கப்பா வருவாரு, மாரடைப்புன்னுதான் ஆரம்பிப்பாரு. நான் அங்கயே செத்திருந்தா எனக்கும் புதுச் சட்டை மாட்டி உட்டு மாரடைப்புன்னுதான் சொல்லியிருப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னாரு. முழிச்சுட்டுத்தான் இருக்கறாரு… நான் என்னன்னு போயிச் சொல்லட்டுமுங்க?