புளியமரத்துக் கதை

இல்லக்கா, அங்க வாணாம், இந்தப் பக்கமா குந்து. எனக்கு அந்தக் காது கேக்காது. மாரிகுப்பம் டேசன்லேர்ந்து நடந்தேவா வந்த? மொதல்ல தண்ணி குடி. ஒந்தம்பி வாசுவ எம் புருசன் ராஜப்பா எதுக்கு அடிச்சுக் கொன்னான்னு தானே கேக்குற? சொல்றேன். கோர்ட்டுல கேட்டாக்கூட இவ்ளோ சொல்லமாட்டேன்.

பதினஞ்சு வருசம் முன்னால இந்தத் தங்கச் சொரங்கத்துக்கு வந்தப்பவே அவன் ஒரு கதையோட வந்தான். குடியாத்தம் பக்கம் ஒங்க ஊர்ல, ஆண்டையோட அடியாள் ஒருத்தன மொளகாத் தோட்டத்துல வெச்சு வெட்டிட்டு ஓடியாந்தேன்னு. கழுத்து எப்பிடித் தொங்கிச்சு, ரத்தம் எப்பிடி வரப்புல ஓடிச்சுன்னு கள்ளுக்கடையில சொல்லுவான் பாரு, கேக்குறவன் கலயத்தக் கீழ வெச்சிடுவான். மேஸ்திரிகூட அவன வாடா போடான்னு கூப்புட்டதில்ல. கீழ வெடி வெச்சப்பறம், வெடிக்காத தோட்டா எங்கனா மாட்டிக்கினு நிக்குதான்னு ஒருத்தன் முன்னால போய்ப் பாக்கணும். எவனும் போவமாட்டான். இவன் போவான். ஒருத்தன வெட்டுனவனுக்கு இன்னாடா பயம்னு மாரத் தட்டிக்கினு போவான். சும்மா சொல்லக்கூடாது, நெசமாவே தெகிரியசாலிதான்.

என்னை அடிக்கிறப்பவும் அதே கதைதான். ஒருத்தன் முடிஞ்சான், நீ ரெண்டாவதுடீம்பான். எட்டு வருசம்க்கா. இந்தா, இங்க ரெண்டு பல்லு இல்ல பாரு. ஆறு மாசப் புள்ள வயித்துல இருந்திச்சு, ஒதச்சான், அது தங்கல. எனக்குத் தெம்பில்லாம இல்ல. மேல கல்லு ஒடைக்கிறவ நான், அவன் தோளு எந்தோளுல பாதி. ஆனா கையத் தூக்கலாம்னு நெனச்சாலே அந்த மொளகாத் தோட்டம் கண்ணுல வந்துடும். தொங்குற கழுத்து என்னுது மாதிரியே இருக்கும். கை தன்னால எறங்கிடும்.

காவேரியிலேர்ந்து கம்பியில கரண்டு இஸ்தாங்களே, போன வருசம், அப்ப ஒந்தம்பி வேலைக்கி வந்தான். ஒங்க ஊர்ப் பையன்னு தெரிஞ்சதும் இவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அவனாண்ட பேசாதேன்னான். எதுக்குப் பேசக்கூடாதாம்? அப்பத்தான் எனக்கு மனசுல ஒண்ணு நொழஞ்சிச்சு.

மூணாம் நாளு சாயங்காலம். ஷிப்ட்டு முடிஞ்சி வந்தவன், கஞ்சியில உப்பில்லன்னு சட்டியத் தூக்கி மூஞ்சியிலயே அடிச்சான். கன்னம் கிழிஞ்சி கஞ்சியும் ரத்தமுமா வடியுது. அடங்கலியே. வெறகுக்கட்டைய ஓங்கிட்டான். நீ ரெண்டாவதுடீன்னான். நான் சொன்னேன், வாசு எல்லாத்தையும் சொல்லிட்டான்யா. நீ எவனையும் வெட்டலியாமே. ஆண்டை ஒன்னைப் புளியமரத்துல கட்டி வெச்சுத் தோல உரிச்சாராமே. கட்டுன வேட்டியோட மூத்தரம் போனியாமே. அவரு கால நக்கிட்டு ஓடியாந்தவன்தானே நீ?

கட்டை மேலயே நின்னுடிச்சி. அவன் கண்ணப் பாத்தேன். கொலகாரன் இல்லக்கா அங்க.

ஒலக்கைய எடுத்தேன். மொத அடி மணிக்கட்டுல, எலும்பு நொறுங்கினது கேட்டிச்சு. அடுத்தது முட்டியில. வுழுந்தான். வுழுந்தவன் முதுவுல எத்தினி போட்டேனோ தெரியாது, லைனு வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு சேந்து இஸ்து நிறுத்துனாங்க. இல்லாங்காட்டி அன்னிக்கே மண்டை போயிருக்கும். பொய் சொல்லக்கூடாது, நல்லா இருந்திச்சு.

அப்பறம் சேதி லைன் பூராவும் பரவிடிச்சி. ரெண்டு மாசம் கழிச்சு, கை எலும்பு சேந்தப்பறம் வேலைக்கி எறங்குனான். வெடிக்கப்பறம் நீ போய்ப் பாருடான்னா கால் நவுரலியாம். சொவத்தப் புடிச்சிக்கினு அங்கியே குந்திட்டானாம். புளியமரம், புளியமரம்னே கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. மேஸ்திரி அவனத் தள்ளிட்டு வேற ஆளப் போட்டாரு. என் காலாண்ட வந்து குந்திக்கினு, வாசு சொன்னது பொய்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லுடின்னு அழுதான். நான் சிரிச்சேன்.

போன செவ்வாக்கெழமை ஷிப்ட்டு மாறுற நேரம். கீழேர்ந்து ஆளுங்கள ஏத்திக்கினு கேஜு மேல வந்து எல்லாம் எறங்கி நிக்கிறாங்க. ஒந்தம்பி தலப்பாவ அவுத்து மூஞ்சி தொடச்சிக்கினு இருந்தான். இவன் பின்னாலேர்ந்து சம்மட்டியால போட்டான். ஒரே அடியில உசிரு போயிடிச்சிக்கா, அவன் ரொம்ப அவஸ்தப்படல. ஆனா இவன் நிறுத்தல. நான் யாரு, இப்ப சொல்லுடா நான் யாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சிருக்கான். மூஞ்சின்னு ஒண்ணும் மிச்சமில்ல, அதான் ஒனக்குக் காட்டாமயே பொதச்சிட்டாங்க. போலீசு கையக் கட்டி இட்டுக்கினு போவசொல்ல நானும் பாத்தேன். நெஞ்ச நிமித்திக்கினு நடந்தான். பழைய ராஜப்பா.

இன்னாது? ஆமா, வாசு அப்ப மொழத்துண்டு புள்ளதான். அவனுக்கு எப்பிடித் தெரியும்?

அதையேதான் அவனும் சொன்னான். அவன் வந்த மறுநாளு, தண்ணிக்கிப் போன எடத்துல ஒரே ஒரு தபா கேட்டேன். எனக்கின்னாக்கா தெரியும், நான் அப்ப நடக்கவே கத்துக்கலியேன்னான். அவ்ளோதான் அவன் எங்கிட்டப் பேசுனது. புளியமரம், வேட்டி, ஆண்டை காலு, எல்லாம் நான் சொன்னது. கட்டை ஓங்குனப்ப வாயில வந்திச்சு, ஒந்தம்பி பேரப் போட்டுச் சொல்லிட்டேன். நான் ஒண்ணும் சொல்லலியேன்னு அவன் லைன் பூரா கத்திக்கினு திரிஞ்சான். பயத்துல மாத்திப் பேசுறான்னாங்க. நானும் வாயத் தொறக்கல. தொறந்தா ராஜப்பா கை மறுபடி மேல ஏறும் இல்ல?

நீ அந்த ஊர்லயே பொறந்தவ. மொளகாத் தோட்டத்துல நெசமாவே எவனாச்சும் செத்தானா, இல்லியா, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்.

வாணாம்க்கா. சொல்லாத.