கிடா ஏன் சிலுப்பவில்லை

ப்ரோக்கோலி ஜூஸ் உடம்புக்கு மிகவும் நல்லது. யாரோ போனில் அனுப்பியதை வைத்து இதைச் சொல்லவில்லை, எட்டு மாதம் தினமும் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். முடி பளபளக்கும், எலும்பு உறுதியாகும், நடையில் ஒரு மிடுக்கு வரும்.

என் பெயர் அரியமுத்து. ஊர் கீழப்பழுவூர். சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் முப்பது வருஷம் இருந்தவன். ஒரு நாளும் எடையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. பொய் எனக்கு ஆகாது.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் மருமகள் சத்யப்பிரியா பயந்துபோனாள். சொந்தத் தகப்பனை அதே நோய்க்குப் பறிகொடுத்தவள். "மாமாவுக்கு நூத்தம்பதுக்குக் கீழ எறங்கினா கிடா வெட்டுறேன்" என்று குலதெய்வம் முனியப்பருக்கு வேண்டிக்கொண்டு, ஒரு கறுப்புக் குட்டியை வாங்கிக் கொல்லையில் கட்டினாள். அதோடு நிற்காமல் ஜூஸையும் ஆரம்பித்தாள். மகன் அறிவுச்செல்வனுக்குப் பெரம்பலூரில் வேலை. ப்ரோக்கோலியை அங்கிருந்து வாங்கி வருவான். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து அரைத்து, வடிகட்டி, ஒரு டம்ளர் நீட்டுவாள்.

முதல் நாள் ஒரு வாய் குடித்தேன். கோஸ் வெந்த தண்ணீரில் புல்லைக் கசக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்றால் அவள் முகம் வாடிவிடும். "கொல்லையில காத்தாட நின்னு குடிக்கிறேம்மா" என்று டம்ளரோடு போனேன். அங்கே குட்டி நின்றது. வாயில் ஊற்றினேன், குடித்தது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரே சிக்கல், குட்டிக்கு உடம்பெல்லாம் கறுப்பு, வாய் மட்டும் வெள்ளை. பச்சை பளிச்சென்று தெரிந்தது. அதனால் குடித்து முடித்ததும் தலையோடு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். முதல் சில நாள் உடம்பைச் சிலுப்பிக்கொண்டது, பிறகு பழகிவிட்டது. தண்ணீர் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும்.

எனக்கும் சர்க்கரை குறைந்தது. அது டாக்டர் கொடுத்த மாத்திரையால். அதுவரை நான் அதை ஒழுங்காகப் போட்டதில்லை. "கொறையலைன்னா சாயங்காலமும் ஒரு டம்ளர் குடிக்கணும் மாமா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து ஒரு வேளை தவறவில்லை. நூற்று நாற்பது வந்தது. சத்யப்பிரியா ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள், மிக்சிக்குக் குங்குமம் வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பொட்டு வைத்த மிக்சிக்கு முன்னால் அப்படிப் பேசுவது மரியாதையாகப் படவில்லை.

போன மாதம் கோயிலுக்குப் போனோம். உறவெல்லாம் வந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கிடா சிலுப்ப வேண்டும், அதுதான் சாமியின் உத்தரவு. சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. பூசாரி ராசாங்கம் ஒரு சொம்பு ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது ஊற்றினார். அசையவில்லை. மூன்றாவது சொம்புக்கு வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"வூட்டுல என்னமோ குறை இருக்குங்க. மனசுல உள்ளத சாமிகிட்ட சொல்லிப்புடுங்க, கிடா துலுக்கிரும்" என்றார் பூசாரி.

காப்புக் கட்டிய பிறகு பெரம்பலூரில் பிரியாணி சாப்பிட்டதை மகன் சொன்னான். கிடா அசையவில்லை. பிறகு சத்யப்பிரியா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஒருநாள் ப்ரோக்கோலி தீந்துபோச்சு சாமி. மாமாகிட்ட சொல்லாம முட்டைக்கோஸ அரைச்சுக் குடுத்துட்டேன்."

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. அன்று கிடா பாதி டம்ளரிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இப்போதும் கிடா சிலுப்பவில்லை. கறிக்குழம்பை நினைத்து வந்து சாம்பாரில் முடியப்போகிற ஜனம் சும்மா இருக்குமா? "பெரியவங்க வாயில பொய்ய ஊத்தினா சாமி எப்புடிடி ஏத்துக்கும்?" என்று என் தங்கை காத்தாயி பிடித்துக்கொண்டாள். ஐந்து வெள்ளிக்கிழமை கோயிலில் மண்சோறு சாப்பிட வேண்டும் என்று பூசாரி பரிகாரம் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சத்யப்பிரியாவின் தலையில் கை வைத்து, "நான் மன்னிச்சுட்டேம்மா" என்றேன். பெருந்தன்மையான மனுஷன் என்று நாலு பேர் சொன்னார்கள்.

இரண்டு வெள்ளி முடிந்துவிட்டது. வெறுந்தரையில் போட்ட சோற்றை அள்ளிச் சாப்பிடுகிறாள். பல்லில் மணல் நறநறப்பது எனக்குக் கேட்கிறது. போன வாரம் பாதியில் நிமிர்ந்து, "என் மேல கோவம் இல்லியே மாமா?" என்றாள். "இல்லம்மா, சாப்பிடு" என்றேன்.

குற்றம் என்னுடையதுதான், மறுக்கவில்லை. எட்டு மாதமும் ஒரே ஒரு வாய்தான் நான் குடித்தேன். ஆனால் இதைக் கேட்டால் அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? அவள் நோகக் கூடாதே என்றுதான், ஒவ்வொரு வெள்ளியும் பக்கத்திலேயே இலை போட்டு உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை துணைக்கு இருக்கிறேன்.