காலிக் கொக்கி

மாரென்: இன்னும் கீழ இறக்கு.

எஸ்பென்: இதுக்கு மேல இறக்கினா விளக்கு உருளைக்கிழங்குல முட்டும்.

மாரென்: முட்டட்டும். வெளிச்சம் மேஜையோட நிக்கணும். சுவத்துக்குப் போகக் கூடாது.

எஸ்பென்: நம்ம வீட்ல எப்பவும் இவ்ளோ தாழ்வா...

மாரென்: எப்பவும் சுவத்துல உன் படங்க இருந்துச்சு. இப்ப கட்டம் கட்டமா வெளுத்துக் கெடக்கு. உங்கம்மாவுக்குக் கழுகுக் கண்ணு.

எஸ்பென்: சரி. மேஜையில இருக்கிற மாதிரி அந்த மூலையிலயும் ஒரு மெழுகுவத்தி ஏத்தவா? அழகா இருக்கும்.

மாரென்: எதுக்கு? உன் நாற்காலி போன இடத்த வெளிச்சம் போட்டுக் காட்டவா?

எஸ்பென்: சனிக்கிழமை வரைக்கும்தானே, மாரென். அம்மா அப்பாவோட அம்பதாவது கல்யாண நாள். வாசல்ல பச்சை வளைவு கட்டி, தெருவே கூடி நின்னு பாடி... அது முடியட்டும். நாம பிரியறத நானே சொல்லிடறேன்.

மாரென்: அதுக்குள்ள விளக்க யாரு கழட்டச் சொன்னது? துணி இல்லையா, துவைக்கப் போட்டிருக்குன்னு சொல்லலாம். புத்தகம் இல்லையா, இரவல் போயிருக்குன்னு சொல்லலாம். உன் அறை விளக்கையே கழட்டிட்டுப் போயிட்டா? இந்த ஊர்ல வீட்ட விட்டுப் போறவன் தன் விளக்கக் கழட்டிட்டுத்தான் போவான்; விளக்கு போச்சுன்னா ஆளு போயாச்சுன்னுதான் அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எஸ்பென்: புது வீட்ல வெறும் வயருதான் தொங்குது. இருட்டுல ரொட்டி தின்னேன்...

மாரென்: ஒரு பல்பு வாங்கி மாட்ட வேண்டியதுதானே?

எஸ்பென்: மொட்டைப் பல்பா? நான் என்ன மாட்டுக் கொட்டகையிலயா குடியிருக்கேன்? டென்மார்க்ல பொறந்தவன் எவனாவது மொட்டைப் பல்புக்குக் கீழ உக்காருவானா?

மாரென்: பொண்டாட்டி இல்லாம உக்காருவான்.

எஸ்பென்: வாசல் மணி அடிக்குது.

மாரென்: அத்தைதான். உன் அறைக் கதவ இழுத்துச் சாத்து. மூஞ்சிய இப்படி வச்சுக்காத, சிரி. ...வாங்க அத்தை, வாங்க! மாமா எங்க?

குத்ரூன்: சளி. கொஞ்சம்... சளிதான். அப்பப்பா, சில்கெபோர்க்லேருந்து வர்ற வழி பூரா மழை.

எஸ்பென்: இங்க உக்காரும்மா, ஜன்னலுக்கு முதுகு காட்டி...

குத்ரூன்: வேணாம்டா. அந்த இருட்டு ஓரத்துலயே உக்காந்துக்கறேன். இந்த மெழுகுவத்திய அப்படித் தள்ளி வை.

மாரென்: இன்னும் தள்ளியா? மீன்ல முள்ளு தெரியலன்னு போன தடவை சண்டை போட்டீங்களே!

குத்ரூன்: வயசாகுதில்ல. கண்ணு கூசுது.

எஸ்பென்: பாத்தியா மாரென், அம்மாவுக்கே பிடிச்சிருக்கு. வீட்டுக்கு இதுதான் களை.

குத்ரூன்: களைதான். பன்னிக்கறி எங்க இருக்கு? நான் இப்பக் குத்தினது கறியா, உன் கையா?

எஸ்பென்: கை.

குத்ரூன்: அதான் மொறுமொறுன்னு இல்ல.

மாரென்: சிவப்புக்கோசு போட்டுக்கங்க அத்தை. சனிக்கிழமைக்கு எல்லாம் தயாராயிடுச்சா? பச்சை வளைவுக்கு இலை வெட்டிட்டாங்களா?

குத்ரூன்: வெட்டிட்டாங்க, வெட்டிட்டாங்க. அத விடு. ஏன்டா, தெருவுல நின்னு அண்ணாந்து பாத்தேன். உன் அறை ஜன்னல் மட்டும் ஏன் இருட்டா இருக்கு?

எஸ்பென்: எந்த... ஜன்னல்?

குத்ரூன்: உனக்கு எத்தனை அறை இருக்கு? நவம்பர் மாசத்துல அந்த ஜன்னல்ல வெளிச்சமில்லாம நான் பாத்ததே இல்ல.

மாரென்: பல்பு போயிடுச்சு அத்தை.

எஸ்பென்: ரிப்பேருக்குக் குடுத்திருக்கேம்மா.

குத்ரூன்: ரெண்டு பேரும் பேசி ஒண்ண முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க.

எஸ்பென்: மொதல்ல பல்பு போச்சு. அப்புறம் அந்த வயரும்...

குத்ரூன்: எந்திரி. நான் போய்ப் பாக்கறேன்.

மாரென்: கறி ஆறிடும் அத்தை! சாப்பிட்டுட்டு...

எஸ்பென்: அம்மா, கதவத் திறக்காத. உள்ள ஒரே தூசி...

குத்ரூன்: திறந்தாச்சு.

மாரென்: அத்தை, வாங்க, வந்து சாப்பிடுங்க.

குத்ரூன்: தூசி இல்ல. கட்டில் இருக்கு. மேல வெறும் கொக்கி. யாருடா போறது? நீயா, அவளா?

எஸ்பென்: நான்தான்மா. போய்க் கொஞ்ச நாளாச்சு. சனிக்கிழமை முடிஞ்சதும் சொல்லலாம்னு... அம்பது வருஷத்த எங்களால கெடுக்க வேணாம்னு...

குத்ரூன்: எங்களுக்காகவா? எங்களுக்காகவா இப்படி இருட்டுல உக்காந்து சிரிச்சீங்க?

எஸ்பென்: அம்மா, அழறியா? மாரென், மேல் விளக்கப் போடு.

குத்ரூன்: போடாத! மாரென், வேணாம், போடாத...

மாரென்: போட்டுட்டேன்... ஐயோ, அத்தை! என்ன இப்படி வீங்கிக் கெடக்கு? இது இப்ப அழுத கண்ணு இல்லையே!

எஸ்பென்: அம்மா, என்ன ஆச்சு? அப்பாவுக்கு என்ன?

குத்ரூன்: அவருக்கு ஒண்ணுமில்ல. சளியும் இல்ல. சாப்பாட்டு மேஜையில இருட்டுல உக்காந்திருப்பாரு. அதுக்கு மேல தொங்கினது என் விளக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே நான் வாங்கினது. காலையில கழட்டிட்டேன். கீழ வண்டியில இருக்கு... அந்தக் கொக்கி காலியாத்தானே இருக்கு மாரென், கொஞ்ச நாளைக்கு நான் மாட்டிக்கட்டுமா?