இரண்டைக் கழிக்காத கொப்பி

பிளேன்டீக்கு இஞ்சி சற்றுக் கூடிவிட்டது, மன்னிக்க வேண்டும் மிஸ். எங்கள் மருதமுனையில் விருந்தாளிக்கு இஞ்சி குறைந்தால்தான் குறை சொல்வார்கள். அதனால் கை தானாகவே கூட்டிப் போட்டுவிடுகிறது. ஆறமுன் குடியுங்கள். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். கையில் அந்தப் போட்டோக்கொப்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோதே எதற்கு வந்தீர்கள் என்று விளங்கிவிட்டது. ஓம், அது என் கையெழுத்துத்தான்.

கணினி வலையமைப்புப் பரீட்சையில் தவறிவிட்டு மறுபடி எழுதுகிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிறேன் என்றீர்கள். அதில் எங்கள் கிழக்குக் கரைப் பிள்ளைகள் பதினொரு பேர், பதினொரு பேரும் ஒரே ஏழு கேள்விக்கு ஒரே ஏழு பிழையான விடையைச் சொல்கிறார்கள் என்றீர்கள். அந்த ஏழு பிழையையும் முழுதாகக் கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தான். இன்னொருவர் ஒன்றைக் கண்டார். அதையும் சொல்கிறேன். கெட்டிக்காரருக்கு அரைகுறையாகச் சொல்வது மரியாதையில்லை.

முதலில் என்னைப் பற்றி. சுனாமிக்கு முன் எங்கள் வீடு கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது. இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் வீடும் போய் உம்மாவும் மௌத்தானார். என் காக்கா, மூத்த சகோதரர், அப்போது கட்டாரில், டோஹாவில் வேலை. அவர் லீவு எடுத்து வந்து சேர்ந்தபோது உம்மாவை அடக்கி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்திருந்தது. கபுறடியில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவள் நான். எங்கள் வீட்டிலிருந்து இனி ஒரு ஆணும் கடல் தாண்டிப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இதை யாரும் பிழை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், உதவிக்கு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒருநாள் மீன்பிடிகாரர் ஒருவர், கொடுத்த வள்ளம் ஓட்டை என்று அந்த வெள்ளைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் அதை, "இவர் உங்களுக்கு மிகவும் நன்றி சொல்கிறார், இன்னொரு வள்ளமும் கிடைத்தால் நல்லது என்கிறார்" என்று மாற்றிச் சொன்னேன். மறுமாதம் நல்ல வள்ளம் வந்தது. இரண்டு பக்கமும் என்னைத்தான் வாழ்த்தின. நடுவில் இருக்கிறவர் கொஞ்சம் புத்தியோடு நடந்தால் எல்லோருக்கும் நன்மைதான் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

என் கணவர் பஸால் நல்ல மனிதர். கல்முனையில் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்ததும் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்போதுதான் இந்தப் பரீட்சையைப் பற்றி யாரோ சொன்னார்கள். அடிமட்டச் சான்றிதழ்தான், ஆனால் கையிலிருந்தால் டோஹாவில் வேலை நிச்சயம் என்று. பாண்டிருப்பில் இவருக்கு கிருஷாந்தன் என்று ஒரு கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். முதலில் பஸால் எழுதிப் பார்ப்பது, பிறகு கிருஷாந்தன் என்று ஏற்பாடு.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் கொழும்புக்குப் போய் எழுதினார். சித்தியடைய ஆயிரத்துக்கு எண்ணூற்று இருபத்தைந்து வேண்டும். இவருக்கு எண்ணூற்று மூன்று. அந்தத் தவறுதலில் எனக்கு ஒரு பங்கும் இல்லை மிஸ், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அவராகவே தவறியது.

அவர் தவறினார் என்பதல்ல, எவ்வளவு கிட்டத்தில் தவறினார் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. இருபத்திரண்டு புள்ளி. இன்னும் ஒரு மாதம் ஒழுங்காகப் படித்தால் ஆள் டோஹாவில்.

"புத்தகம் முழுக்க இங்கிலீசு புள்ள. வாசிச்சி முடியக்குள்ள முதல் வரி மறந்து போகுது. நீ தமிழ்ல எழுதித் தாவன்" என்றார்.

"அதுக்கென்ன மச்சான், எழுதித் தாறன்" என்றேன்.

நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். தலைப்புக்குச் சிவப்புப் பேனை, விளக்கத்துக்கு நீலம். படங்களை அடிமட்டம் வைத்துக் கீறினேன். அதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தைத் தமிழில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நீங்களே வாசலில் சொன்னீர்கள். சந்தோசமாக இருந்தது. ஏனென்றால் ஏழு இடத்தைத் தவிர அத்தனையும் சரி.

வலையமைப்பு வேலையைப் பாடத்தில் ஏழு அடுக்காகப் பிரித்திருப்பார்கள், அதனால் பிழையும் ஏழு என்று வைத்தேன். எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை. உதாரணமாக, ஒரு வலையமைப்பில் அறுபத்துநான்கு இலக்கம் இருந்தால், முதலாவதையும் கடைசியையும் எந்தக் கணினிக்கும் கொடுக்க முடியாது, அறுபத்திரண்டுதான் மிஞ்சும். இரண்டைக் கழிக்க வேண்டும் என்ற அந்த ஒரு வரியை நான் எழுதாமல் விட்டேன். பொய் எழுதவில்லை, கவனியுங்கள். விட்டேன். அது ஒன்றே நாலைந்து கேள்வியைக் கொண்டுபோய்விடும்.

ஒரே வகைக் கருவி இரண்டை இணைக்கக் குறுக்கு வயர், வேறு வகை என்றால் நேர் வயர் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் மறந்துவிடாதபடி பாட்டாகவே கட்டிக் கொடுத்தேன்: "சொந்தக்காரருக்கு நேர்வயர், அந்நியருக்குக் குறுக்குவயர்." மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் அதை முணுமுணுத்துக்கொண்டே போவார். பிழையான ஒன்றை ஒரு மனிதர் அவ்வளவு சரியாகப் பாடமாக்கியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னேரங்களில் நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். அந்தச் சிரிப்பு, மிஸ், கலியாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிருஷாந்தன் அந்த வரியைக் கண்டார். இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம். பின்னேரம் வழமைபோல சைக்கிளில் வந்து, இந்தக் கதிரையில்தான் இருந்து கொப்பியைப் புரட்டினார்.

"அக்கா, இதில ஒரு வரி விடுபட்டுப் போச்சுப் போல. அறுபத்திநாலில ரெண்டைக் கழிக்கோணும்."

பஸால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "இல்லடா மச்சான். றஸ்னா புத்தகத்தப் பாத்துத்தானே எழுதின."

"அப்ப புத்தகத்தக் கொண்டாங்கக்கா, ஒருக்காப் பாப்பம்."

"புத்தகம் சாச்சிர ஊட்ட இரிக்கி தம்பி. நாளைக்கு எடுத்து வெக்கிறன்" என்றேன்.

புத்தகம் சின்னம்மா வீட்டில் இல்லை, எங்கள் அலுமாரியில்தான் இருந்தது. மறுநாள் பஸால் கடையிலிருந்து வருமுன் நான் வாசல் படலையடியில் நின்றேன். கிருஷாந்தன் சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை.

"தம்பி, ஒரு கத சொல்லுவன், வெளிய சொல்லப்படா. காலம ரெண்டு பேர் வந்த. சிவில் உடுப்பு. பாண்டிருப்பில இருந்து சைக்கிள்ள வாறவர் ஆரு, கம்பியூட்டர்ல என்ன செய்யிற எண்டு கேட்ட."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சைக்கிள் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பஸாலுக்குச் சொல்லாதீங்கக்கா. பயந்திருவான்" என்றார். திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அப்படி யாரும் வரவில்லை. அந்த மாசியில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது, ஒரு தமிழ் இளைஞரை விசாரித்தார்கள் என்றால் அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் அதைச் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால் அவர் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார். நான் கெட்டதாக ஒரு வார்த்தைகூட அவரைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்தான் சொன்னேன்.

கூட்டாளி சொல்லாமல் போய்விட்டாரே என்று பஸால் ஒரு கிழமை சோறு தின்னவில்லை. "நான் தவறினவன் எண்டுதான் என்னோட சேராம போயிட்டான்" என்றார். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சித்திரையில் இரண்டாம் முறை எழுதினார். எழுநூற்று நாற்பத்தொன்று. முதல் தடவையைவிடச் சரியாக அறுபத்திரண்டு குறைவு. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அவர் கொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ இவ்வளவு பாடுபட்டு எழுதித் தந்த. கொப்பியில ஒரு குறையும் இல்ல. என்ட தலைக்குள்ளதான் ஒண்டும் ஏறுதில்ல புள்ள."

"அப்பிடிச் சொல்லாதீங்க மச்சான்" என்றேன். மனைவி என்றால் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒற்றுமை கூடியது என்று சொல்லலாம். முன்பெல்லாம் எதற்கும் தன் எண்ணத்தைச் சொல்வார். இப்போது சந்தையில் எந்த மீன் வாங்குவது என்பதற்கும் என்னிடம் போன் எடுத்துக் கேட்கிறார். ஒருநாள் சட்டைப் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "சரியா புள்ள?" என்றார். நான் பூட்டிவிட்டேன். அவ்வளவு அன்பாக இருக்கிறோம்.

மற்றப் பிள்ளைகள் விசயம் நான் எதிர்பார்க்காதது. வைகாசியில் சண்டை முடிந்ததும் கல்முனையில் தெருவுக்குத் தெரு கணினி வகுப்பு முளைத்தது. அதில் ஒரு வகுப்பு நடத்துகிறவர், இரண்டு தடவை பரீட்சை மண்டபத்தைப் பார்த்தவர் என்ற தகுதியில் பஸாலைப் படிப்பிக்கக் கூப்பிட்டார். இவர் என் கொப்பியோடு போனார். தமிழில் வேறு கொப்பி இல்லை. சாய்ந்தமருதுக்குப் போட்டோக்கொப்பி போனது, நிந்தவூருக்குப் போனது, அக்கரைப்பற்றில் யாரோ அட்டை போட்டுக் கட்டினார்களாம். ஒருநாள் கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கிறேன், பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் "சொந்தக்காரருக்கு நேர்வயர்" என்று பாடமாக்குகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

அந்தக் காரைதீவுப் பிள்ளை யதுசா மூன்று தடவை தவறிவிட்டுப் படிப்பையே விட்டுவிட்டாள் என்று சொன்னீர்கள். வருத்தமான விசயம். ஆனால் மூன்று தடவை எழுதுகிறவள் ஒரு தடவையாவது அசல் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம் அல்லவா?

நீங்கள் கேட்குமுன்பே திருத்தத் தாள் எழுதி வைத்துவிட்டேன். இதோ, ஏழும் இருக்கிறது. இதில் பிழையில்லை. அப்படிப் பார்க்காதீர்கள், வேண்டுமானால் கொழும்பில் வைத்துச் சரிபாருங்கள். பதினொரு பேருக்கும் கொடுங்கள், அந்த யதுசாவுக்கும் அனுப்புங்கள். ஒரேயொரு வேண்டுகோள், பஸாலிடம் காட்ட வேண்டாம். வருகிற மாதம் பதினான்காம் திகதி மூன்றாம் முறை எழுதப் போகிறார். கடைசி நேரத்தில் மனுசனைக் குழப்புவது நல்லதில்லை.

இன்னும் ஒரு விசயம் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, கேட்கவும் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லத் தொடங்கியதை முடிக்கிறேன்.

கிருஷாந்தன் கெட்டுப்போகவில்லை. வெள்ளவத்தையில் மாமி வீட்டில் ஒளிந்திருந்து படித்து, முதல் தடவையிலேயே சித்தியடைந்து, டோஹாவுக்கே போய்விட்டார். எனக்குத்தான் போன் எடுப்பார். பஸாலுக்கு எடுத்தால் அவரையும் சந்தேகிப்பார்கள் என்ற பயம். "நீங்க அண்டைக்குச் சொல்லாட்டி நான் இண்டைக்கு உயிரோட இல்லக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். இதைக் கேட்டபின் நான் செய்தது தீமை என்று எப்படிச் சொல்வது?

இந்த வருடம் ஆடியில் அவருடைய அப்பா அழகரெத்தினம் வயலுக்குள்ளேயே நெஞ்சுவலியில் விழுந்து இறந்துவிட்டார். மகன் வரவில்லை. போகும்போது எப்படியோ தப்பியாகிவிட்டது, திரும்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் பிடித்துவிடுவார்கள் என்று வரவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். நானும் பஸாலும் செத்த வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா கனகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ட புள்ள என்ன குத்தம் செஞ்சவன் மகள், ஆருக்கு என்ன செஞ்சவன்?" என்று அழுதார். நான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கிருஷாந்தன் மறுபடி போன் எடுத்தார்.

"அக்கா, அம்மா தனிச்சிட்டா. சண்டையும் முடிஞ்சி ஒண்டரை வருசமாச்சு. இப்ப நான் வரலாமா? இன்னும் விசாரிக்கிறாங்களா?"

வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். பஸாலோடு இந்தக் கதிரையில்தான் இருப்பார். பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை.

"கொஞ்ச நாள் பொறுங்க தம்பி. போன கிழமையும் ஒரு ஆள் வந்து கேட்டுட்டுத்தான் போன" என்றேன்.

அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள் மிஸ். என் பேச்சை நம்பி அவர் வந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பாவத்தை நான் எப்படிச் சுமப்பேன்?