பிஸ்ரலில் பிழை இல்லை

விலையைப் பார்த்தால் அது நல்ல பிஸ்ரல். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஐயா. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லிக் கடுதாசியும் பேனையும் தந்தீர்கள். தமிழில் எழுதுகிறேன். முருங்கன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கின்படி முதலில் பொருள், பிறகு விபரம், கடைசியில் கோரிக்கை. மொழிபெயர்க்கிற தம்பி இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். போன முறை வந்தவர் நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டார்.

பொருள் அந்தப் பிஸ்ரல். அமெரிக்கப் பட்டாளம் இரண்டு உலக யுத்தத்திலும் இடுப்பில் கட்டியிருந்ததன் கொப்பி, சீனத்தில் செய்தது. ஒரிஜினல் வாங்குவதென்றால் வீட்டில் கலந்து பேசவேண்டும். இதை இங்கே மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற என்னைப் போன்ற ஒருவனும் வாங்கலாம். குறைகள் உண்டு. விளிம்புகள் கையைக் கீறும். கறுப்புப் பூச்சு சீக்கிரம் தேயும். கூட வருகிற ரவைக்கூடு, அதாவது குண்டுகளை அடுக்கிப் பிடிக்குள் செருகுகிற கூடு, மட்டம். ஆனால் இரும்பு நல்ல இரும்பு. சுட்டால் சுட்ட இடத்தில் படும்.

இதையெல்லாம் இன்டர்நெட்டில், அந்தப் பிஸ்ரல் வைத்திருப்பவர்கள் தங்கள் கருத்தை எழுதுகிற ஒரு பக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதி வந்தேன். அங்கே என் பெயர் ஓல்ட் கிளார்க். ஊரில் மன்னார்க் கச்சேரியில் இலிகிதராக இருந்தவன் என்பதால் வைத்த பெயர். அல்பேர்ட்டாவில் இருந்தும் நோவாஸ்கோஷியாவில் இருந்தும் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். ஓல்ட் கிளார்க் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். இங்கே கோயிலில் எத்தனையோ பேருக்கு ஸ்பொன்சர் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் கதிரையைவிட்டு எழும்பிப் போவார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் அப்படி இல்லை.

ஓல்ட் கிளார்க் நான்தான் என்பது என் மனைவி அக்னெசுக்கு மட்டும் தெரியும். தேத்தண்ணி கொண்டுவரும்போது பின்னால் நின்று வாசித்துவிட்டுப் போவார்.

இனி றெனோல்ட். அக்னெசின் தம்பி. அவரை இந்த நாட்டுக்கு எடுத்த கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்து. இப்போது இல்-பிசாரில் தனி வீடு, முன்னால் புல், பின்னால் புல். புல்லை வெட்ட இருந்து ஓட்டுகிற மெசின். எங்கள் சூட்டுக் கிளப்பில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். சேர்ந்த வருடமே ஒரிஜினலை வாங்கினார்.

கிளப்பில் ஒரு சட்டம் இருக்கிறது. யாராவது பிஸ்ரலைக் கையில் தந்தால், தந்தவர் பார்த்திருந்தாலும் நாமும் மேற்பகுதியைப் பின்னே இழுத்து, உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நான் முதன்முதல் என்னுடையதைக் கொடுத்தபோது றெனோல்ட் அப்படித்தான் இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, நான் பாத்துத்தானே தந்தனான்” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “குறை நினையாதேங்கோ அத்தான். பழக்கதோசம்.”

பிறகு ஒருநாளும் நான் கொடுத்ததை அவர் பார்த்ததில்லை. மற்ற எல்லாருடையதையும் பார்ப்பார், கிளப் தலைவருடையதைக்கூட. அக்காவின் புருசன் பார்த்துத் தந்ததைத் திரும்பப் பார்த்தால் அது மரியாதை இல்லை என்பது அவருக்கு அன்று விளங்கியது. வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பிஸ்ரல் கைக்குள் வந்ததும் வலது பெருவிரல் தானாகவே லொக்கை, அதாவது விசையைப் பூட்டிவைக்கிற தடையை, கீழே தட்டி எடுத்துவிடும். சுடுகிற பலருக்கு உள்ள பழக்கம்தான். அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

போன வருடம் றெனோல்டும் அந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கொப்பியின் லொக்கை நம்பமுடியாது என்று எழுதினார். இதைப் புகழ்கிறவர்கள் ஒரிஜினல் வாங்க வழியில்லாதவர்கள் என்று எழுதினார். அது நான் என்று தெரியாமல்தான் எழுதினார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆட்கள் அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

அவருடைய மகள் மெலனி பூசையில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்து இல்-பிசார் வீட்டில் நடந்தது. சாப்பாட்டு மேசையில் அவரே கதையைத் தொடங்கினார்.

“அத்தான், அந்த ஓல்ட் கிளார்க் எண்ட பேயன் திரும்பவும் எழுதியிருக்கிறான். உவன் ஒருநாளும் ஒரிஜினலைக் கையால தொட்டிருக்கமாட்டான்.”

“தொட்டும் இருப்பார்” என்றேன்.

“தொட்டவன் உப்பிடி எழுதான். உங்களிட்டையும் உதுதான் இருக்கு. நீங்கள் பேசாமல் இருக்கிறியள். உவன் அதுக்குப் பாட்டெல்லோ கட்டுறான்.”

“விடுங்கோப்பா” என்றார் அவருடைய மனைவி சஜிதா. “மனிசிக்குப் பயந்து கொம்பியூட்டருக்குப் பின்னால ஒளிச்சிருக்கிற ஆரோ ஒரு பாவம்.”

அக்னெஸ் கறிக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சஜிதாவைப் பார்த்தார்.

“மனிசிதானடி பாவம். கொப்பியைக் கட்டிக்கொண்டு அழவேண்டிக் கிடக்கு. ஒரிஜினல் எங்கட அப்புவுக்குக் கட்டுபடியாகேல்லை.”

“அக்கா, வாயைப் பொத்து. அத்தான் இருக்கிறார்” என்றார் றெனோல்ட். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சஜிதாவுக்குப் புரைக்கேறி, மெலனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

அது பகிடி, ஐயா. அக்னெசுக்கு முதலில் ஒரு கொழும்பு எஞ்சினியரைப் பேசி, சீதனம் சரிவராமல்தான் என்னிடம் வந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. அந்த எஞ்சினியரின் பெயர்கூட நினைவில்லை. ஹென்றியாக இருக்கவேண்டும். இப்போது ரொறொன்ரோவுக்குக் கிட்ட, மார்க்கம் நகரில், மூலை வீடு, வாசலில் இரண்டு கல் சிங்கம்.

திரும்பி வரும்போது காரில் அக்னெஸ் கேட்டார். “இஞ்சேருங்கோ, கோவமே?”

“இல்லை” என்றேன். உண்மைதான். எனக்குக் கோபம் வருவதில்லை. நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். பிழை பிஸ்ரலிலா, பிடிக்கிறவனிலா என்பதை ஒருமுறை தெளிவாக்கவேண்டும்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் யன்னலோ அலுமாரியோ இல்லாத சுவர் ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளேயே, அறைகளுக்குப் போகிற நடைபாதை. நடைபாதையில், அதே சுவரில், மடு மாதாவின் படமும் மெழுகுதிரித் தட்டும். இந்த நாட்டில் வீட்டுச் சுவர் என்பது உள்ளே வெறும் காற்று, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அட்டை. படத்துக்கு ஆணி அடித்தபோதே அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து றெனோல்டைச் சாப்பிட வரச் சொன்னேன். சஜிதாவுக்கு வேலை என்பதால் தனியாக வந்தார். சமையலறை மேசையில் இருந்து சாப்பிட்டோம். நண்டுக் குழம்பு. அவர் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து பிஸ்ரலை எடுத்தேன். ரவைக்கூடு வெறுமை. அது அவருக்குத் தெரிந்தது. குழலுக்குள்ளே, அவர் பார்க்காத இடத்தில், ஒரு ரவை இருந்தது. லொக் போட்டிருந்தது.

“இந்த லொக்கைப் பற்றி என்னவோ சொன்னீர். அமத்திப் பாத்துச் சொல்லும்” என்றேன்.

“நீங்கள் ஏன் அத்தான் உதைப் போய் மனசில எடுக்கிறியள். நான் சொன்னது அந்தப் பேயனுக்கு.”

“பரவாயில்லை. பாரும்.”

இரண்டு கையாலும் வாங்கினார். பார்க்கவில்லை. பெருவிரல் தட்டியது. அவர் ஒழுங்கான ஆள், ஒருநாளும் ஆளை நோக்கிப் பிடிக்கமாட்டார். வீட்டில் நான்கு சுவர் இருந்தாலும் அந்தச் சுவரைத்தான் நோக்குவார் என்பது எனக்குத் தெரியும். நோக்கினார்.

குறிபார்த்து மூச்சை இழுத்தால் அவருக்கு வேறொன்றும் காதில் விழாது. அவர் இழுக்கும்போது நான் கூப்பிட்டேன்.

“அக்னெஸ், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினீரே?”

“ஓம், இந்தா கொளுத்துறன்” என்று நடைபாதையில் குரல் கேட்டது. தீக்குச்சி உரசுகிற சத்தமும் கேட்டது.

ஒரு வெடிதான்.

நீங்கள் வந்தபோது அது விபத்து. கிளப்பால் வந்த பிறகு பிஸ்ரலுக்குள்ளே பார்க்க மறந்துவிட்டேன் என்றேன். என் லைசென்சைப் பறித்து, தண்டம் போட்டீர்கள். றெனோல்ட் மேல் வழக்கு இல்லை. லொக் போட்டிருந்தது, தானாக வெடித்தது என்று அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தன் பெருவிரல் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அக்னெசின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் தோளில் விழுந்து, “அத்தான், லொக் போட்டபடிதான் கிடந்தது. சத்தியமா” என்று அழுதார். நான் முதுகைத் தடவினேன். இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை, ஒரிஜினலைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டார், மெலனியைத் தூக்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன். சஜிதா என்னிடம் வந்து ஒருமுறை அவரோடு கதைக்கும்படி கேட்டார். போனேன். கதைத்தேன். விதி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரைப் பார்த்தபோதும் எனக்கு இதை எழுதத் தோன்றவில்லை.

எழுதத் தோன்றியது போன கிழமை.

பிஸ்ரலைச் சோதித்த உங்கள் ஆய்வாளர் லொக் நன்றாகப் பிடிக்கிறது என்றுதான் அறிக்கை எழுதினார். ஆனால் சில வேளை வழுகவும் கூடும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார். ஏன் சேர்த்தார் என்று தெரியவில்லை. அந்த ஒரு வரியை யாரோ பத்திரிகையில் போட, அது அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் கருத்தை மாற்றிவிட்டார்கள். மொன்றியலில் ஒரு பெண்ணைக் கொன்ற மலிவுச் சாமான் என்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு வாங்கிய அல்பேர்ட்டாக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஓல்ட் கிளார்க் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நாற்பது பேர் ஓம் போட்டிருக்கிறார்கள்.

எத்தனையோ இரவு இருந்து எழுதிய கருத்து, ஐயா. ஒரு வரியில் பொய்யாகிவிட்டது. நான் எதையும் பொறுப்பேன். உண்மைக்கு மாறாக எழுதினால் பொறுக்கமாட்டேன். அதனால்தான் நானாகவே உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ரவையைப் போட்டது நான். பார்க்காத பழக்கத்தை அவருக்குப் பழக்கியது நான். அக்னெசைச் சுவருக்குப் பின்னால் கூப்பிட்டது நான். வெறுப்பினால் செய்ததல்ல. அன்று விருந்தில் அவர்கள் சிரித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை மொழிபெயர்க்கிற தம்பி தெளிவாக எழுதவேண்டும்.

கோரிக்கை. அந்தப் பக்கத்தில் என் பெயரில் கீழே உள்ளதை அப்படியே போடுவதற்குத் தயவுசெய்து ஆவன செய்யவும்:

லொக் போட்டுக் கொடுக்கப்பட்டது, சுடுபவரால் எடுக்கப்பட்டது. விசை இலேசு. சிக்கவில்லை. நோக்கிய இடத்தில் பட்டது. ஓல்ட் கிளார்க் தன் முதற் கருத்தை மாற்ற ஒரு காரணமும் இல்லை.