முடியளவு திருகினேன்

பழைய மானிட்டரின் முகத்தைத் துடைக்கப் பனியன் துணிக்கு நிகர் வேறு எதுவும் இல்லை, அய்யா. முதுகு புடைத்த அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டர்களைச் சொல்கிறேன். நிலவரைபட அலுவலகத்தில் இன்னும் முப்பத்தொன்று ஓடுகின்றன. பதினெட்டு வருடமாக அவற்றுக்கு வைத்தியன் நான்தான்.

பதினான்காம் மேசையில் அவள் இருந்தாள். வரைபடத்தில் ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு ஏறியிருந்தால் எட்டி நின்றே சொல்லிவிடுவாள். 'கழுகுக் கண்ணு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் மேசைக்குப் போகிற நாளில் எனக்குக் கால் தரையில் பாவாது. நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் விசிலடித்துக்கொண்டு படியேறலாமா? ஏறினேன்.

ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். "சார், தேர்வு பாஸாயிட்டா என்னைத் தலைமை அலுவலகத்துக்கே எடுத்துக்கறாங்களாம்."

அங்கே எல்லாம் தட்டை மானிட்டர். எனக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

மானிட்டரின் பின்மூடியைக் கழற்றினால் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு திருகு. ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றது எழுத்தின் கூர்மைக்கு. அவள் மானிட்டரில் இரண்டாவதை ஒரு முடியளவு திருகினேன். வாரம் ஒரு முடியளவு, அவ்வளவுதான். அவசரக்காரன் நல்ல மெக்கானிக் ஆக முடியாது.

மூன்றாம் மாதம் கண்ணைக் கசக்கினாள். "சார், மங்கலா இருக்கே?"

"பளிச்சுனு இருக்கும்மா. நீ வேணா கொஞ்சம் ஓய்வெடு."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து மங்கல்தான் என்றார். அவருக்கு அறுபதை எட்டும் வயது. அவர் கண்ணை அவரே நம்பவில்லை. சிரிப்பை அடக்க நான் மேசைக்கு அடியில் குனிந்து வயரைத் தேட வேண்டியதாயிற்று.

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். சோதித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை," என்று என் காதில் சொன்னார். அவளிடம் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். அவர் கடையில் யாரோ வாங்காமல் விட்டுப்போன கனத்த கண்ணாடியைப் போட்டுவிட்டேன். அன்று தெருவைக் கடக்கும்போது அவளே என் கையைப் பிடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடினேன்.

தேர்வில் தோற்றாள். வேலையை விட்டாள். "குருடியைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாள். பதிவு அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

ஒரு தடவை, "என்னங்க, கண்ணாடியைக் கழட்டினா நல்லாத் தெரியற மாதிரி இருக்கு," என்றாள். நோய் முற்றினால் அப்படித்தான் தோன்றும் என்றேன். மறுநாளிலிருந்து சொட்டு மருந்து. பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிய வைக்க ஊற்றுவார்களே, அதுதான். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு. தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஊற்றுவேன். ஆறு வருடம், அய்யா. ஒருவேளைகூடத் தவறியதில்லை. எந்தப் புருஷன் செய்வான்?

போன மாதம் வெளியூர் அலுவலகம் ஒன்றில் இருபது மானிட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. போக வர எட்டு நாள். நான் ஊற்றாத மருந்தை அவளாக ஊற்றிக்கொள்ளப் பயந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புட்டியில் எழுதியிருந்ததைப் படித்தாளாம்.

ஆமாம், திருகியது, கண்ணாடி போட்டது, மருந்து ஊற்றியது எல்லாம் நான்தான். ஒளிக்க இதில் என்ன இருக்கிறது?

புகாரை அவளே எழுதினாள் என்கிறீர்கள். பார்த்தேன். கோடில்லாத தாளில் நாலு பக்கம், ஒரு வரிகூடக் கோணவில்லை. பாவம், இவ்வளவு தூரம் யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாளோ. திரும்பும்போது என்னையும் அவளோடு அனுப்புங்கள், அய்யா. உங்கள் வாசலில் மூன்று படி இருக்கிறது. அவளுக்குக் கண் தெரியாது.